சுகமளிக்கும் கூட்டத்துக்கு நோயாளியான பக்கத்து வீட்டு ஆன்ட்டியை அழைக்கலாமா?

உட்லண்ட்ஸ்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் வாலிபர் குழுவில் இருக்கிறேன். அடுத்த மாதம் சபையில் சுகமளிக்கும் கூட்டம், ஊரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வருகிறார். கைப்பிரதிகூட அச்சாகி வந்துவிட்டது. தீராத நோய் எதுவானாலும் அன்றைக்கே விடுதலை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னும் இரட்சிக்கப்படாத, உடம்பு சரியில்லாத ஒருவரை ஆளுக்கு ஒருவராகக் கூட்டி வர வேண்டும் என்று குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் மாடியிலேயே, இரண்டு வீடு தள்ளி, ஓர் ஆன்ட்டி இருக்கிறார். இந்துக் குடும்பம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வேலையிலிருந்து வரும்வரை அவர் வீட்டில்தான் சாப்பாடு. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். குழுவில் எல்லாருக்கும் இது தெரியும், அதனால் "உன் ஆள் ரெடியாகத்தானே இருக்கிறார்" என்கிறார்கள்.

தேவன் இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன், அதைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கைப்பிரதியைக் கொண்டுபோய் ஆன்ட்டி கையில் கொடுத்தால், சுகமாகிவிடும் என்று நானே வாக்குக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஆகவில்லை என்றால் அடுத்த நாள் லிஃப்டில் அவரை எந்த முகத்தோடு பார்ப்பது? நோயில் இருப்பவரிடம் நற்செய்தி சொல்வதே தப்பு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நோயைக் காட்டிக் கூப்பிடுவது சரிதானா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள், வேறு சமயத்தவர்கள் உட்பட, மனம்விட்டுச் சொல்லுங்கள்.

பழைய சபையார் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுகமளிக்கும் ஊழியம் என்றதும் டிவியில் வரும் ஆர்ப்பாட்டம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது, அதனால் அதையே ஒதுக்கிவிடப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. சுவிசேஷங்களில் சுகமாக்கும் சம்பவங்களை எடுத்துவிட்டால் பாதிப் பக்கம் காலியாகிவிடும். அப்போஸ்தலர் 3-ல் அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணி எழுந்து நடந்த பிறகுதான் பேதுருவின் பிரசங்கமே வருகிறது. நம் தமிழ்க் குடும்பங்களிலும் அப்படித்தானே? முதல் தலைமுறையில் யார் எப்படி இந்த விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். வேத வசனம் படித்து வந்தவர்களைவிட, பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்துக்கு வழியில்லை, யாரோ ஒரு பைபிள் அம்மா வந்து ஜெபம் பண்ணினார், பிழைத்தது என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். சிங்கப்பூரிலும் இது நேற்று வந்ததல்ல. 1970களில் ஆங்கிலிக்கன் பிஷப் சியூ பான் இட் காலத்திலேயே, கதீட்ரல் வைத்திருக்கும் அந்த ஒழுங்கான பழைய சபைக்குள் சுகமளிக்கும் ஆராதனை நடந்தது. அவர் வெறும் மேடைப் பேச்சாளர் இல்லை, பிஷப்.

ஆனால் உங்கள் உறுத்தல் சரியான உறுத்தல். யாக்கோபு 5:14 எடுத்துப் பாருங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் போய் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். கூப்பிடுகிறவர் நோயாளி, போகிறவர் மூப்பர். இன்றைக்கு நாம் அதைத் தலைகீழாக்கி, நோயாளியை மண்டபத்துக்கு வரவழைத்து, மேடையில் ஏற்றி, கேமராவுக்கு முன்னால் நிறுத்துகிறோம். இயேசுவோ குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு ஒருவனுக்கும் சொல்லாதே, ஆசாரியனிடம் போய்க் காட்டு என்றார். மாற்கு முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆசாரியன்தான் அந்தக் காலத்தில் குஷ்டம் நீங்கியதா என்று சோதித்துச் சொல்லும் ஆள்.

அப்புறம், எல்லாரும் சுகமாவார்கள் என்று வேதம் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான். கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து ஊரில் விட்டுவிட்டு வந்தேன் என்று அவரே எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு, அவனுக்கு ஜெபக் கூட்டம் போடவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினார். கூடவே பயணம் பண்ணிய லூக்கா ஒரு வைத்தியன். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? அன்றைக்கே விடுதலை என்று கைப்பிரதியில் போடுவது கர்த்தருடைய கையெழுத்தை நாம் போடுவது. அதைப் போட நமக்கு அதிகாரம் இல்லை.

என் யோசனை: கைப்பிரதியைக் கொடுக்காதீர்கள். ஆன்ட்டி வீட்டுக்குப் போங்கள். உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டயாலிசிஸ் நர்ஸ் எழுதியது:

நானும் விசுவாசிதான், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள்தான். அதனால் இதை ஏதோ வெளியாள் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நல்ல மனசுள்ளவர்கள்தான் அதிக ஆபத்தை உண்டாக்குகிறார்கள்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று முதலில் உங்கள் குழுத் தலைவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய நீரையும் பொட்டாசியத்தையும் கழிவுகளையும் இயந்திரம் எடுக்கிறது. ஒரு தடவை விட்டுவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் பயங்கரம். "பார், போகாமலே நன்றாக இருக்கிறேனே" என்று தோன்றும். உள்ளே பொட்டாசியம் ஏறிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் வலி கிலி எதுவும் இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி ராத்திரியில் ஆம்புலன்ஸில் வருகிறவர்களையும் பார்க்கிறோம். கூட்டத்தில் ஜெபித்த ஆள் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

யாரும் மேடையில் நின்று மருந்தை நிறுத்து என்று நேரடியாகச் சொல்வது குறைவு, சொன்னால் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரியும். ஆனால் சொல்லாமல் சொல்வது நிறைய. "விசுவாசத்தைச் செயலில் காட்டு" என்பார்கள். "சுகத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று அறிக்கை பண்ணு, மறுபடியும் நோயைப் பற்றிப் பேசாதே" என்பார்கள். சர்க்கரை நோயாளி இன்சுலின் ஊசியைக் கையில் எடுக்கும்போது அந்த வார்த்தை காதில் ஒலிக்கும், போட்டுக்கொண்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமோ என்று கை தயங்கும். நோயாளிகளிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன் இந்தப் பேச்சை. இதைவிடக் கொடுமை, சுகமாகாதபோது பழி நோயாளி மேல் விழுவது. உன் வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது, சாமி படத்தை எடுக்கவில்லை, விசுவாசம் பத்தவில்லை. ஏற்கெனவே உடம்பு நொந்தவரின் மனசையும் நோகடித்துவிட்டு, அதற்கு ஊழியம் என்று பெயர் வைக்கிறோம்.

சாட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சிலருக்கு நிஜமாகவே வலி குறைகிறது, அவர்கள் பொய் சொல்லவில்லை. பாட்டு, கூட்டம், உணர்ச்சி, எல்லாம் சேர்ந்து முதுகுவலி முட்டிவலி அந்த ஒரு மணி நேரம் மறந்துபோகும். மூட்டுவாதம், ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி மாதிரி நோய்கள் தானாகவே ஏறி இறங்கும், மோசமான நாளில் ஜெபத்துக்கு வந்தால் அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தேவலையாக இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களில் பலர் நாலு எட்டு நடக்கக்கூடியவர்கள்தான். ஆனால் முழுசாகக் கெட்ட சிறுநீரகத்துக்கு நம் உணர்ச்சி தெரியாது. தேவன் செய்தால் செய்வார், அதை இரத்தப் பரிசோதனை காட்டும், டாக்டரே டயாலிசிஸை நிறுத்துவார். அதுவரை ஒரு நாள்கூட விடக்கூடாது.

இன்னொன்று, உபவாச ஜெபம். கூட்டத்துக்கு முன்னால் உபவாசம் இருக்கச் சொன்னால் ஆன்ட்டிக்கு அது பொருந்தாது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். தண்ணீரும் அவர் கணக்குப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும், அன்பாகப் பாக்கெட் ஜூஸ் மேல் ஜூஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளிகள் கேட்டால் நானே மனசுக்குள் ஜெபிக்கிறேன். வேலை நேரத்தில் மதம் பேசுவது மட்டும் கிடையாது, என் கையில் ஊசி இருக்கும்போது அவர் என்னிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

செராங்கூன் மகள் எழுதியது:

நான் இந்து. கேட்டதால் சொல்கிறேன், கோபத்தில் இல்லை.

எங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒரு குழு அம்மாவிடமும் வந்தது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, தலையில் கை வைத்து, சத்தமாக ஜெபித்தார்கள். அதைக்கூடத் தப்பாக நினைக்கவில்லை. போகும்போது, இந்தத் திருநீற்றை அழித்துவிட்டு இயேசுவை ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு நடந்தே போவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தான் அழிக்காததால்தான் நோய் போகவில்லையோ என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சாகும்வரை அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

ஜெபம் எங்களுக்கு அந்நியம் இல்லை. நோய் தீர வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் நாங்கள். பிள்ளை பிழைத்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டி, தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோயில்வரை நடப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஊருக்குப் போனால் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவோம், இங்கே சனிக்கிழமை நொவீனா தேவாலயத்துக்குப் போகும் இந்துக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் முதலில் உன் சாமியைக் கைவிடு என்று கேட்பதில்லை. எங்களுக்கு வலிப்பது அந்தப் பேரம்தான். உடம்பு தரேன், சாமியைக் கொடு என்கிற மாதிரி.

இந்த நாட்டில் இது பழைய புண்ணும்கூட. 1989ல் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், 1986ல் ஓர் இந்துக் கோயில் வாசலில் கிறிஸ்துவக் கருத்தரங்கின் சுவரொட்டி ஒட்டப்பட்டதும், ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் நோயாளிகளை மதம் மாற்ற முயன்றார்கள் என்ற புகாரும் இருக்கின்றன. அதைத் தொடர்ந்துதான் 1990ல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து சமயம் பேசுகிறவருக்குத் தனி வேலை அனுமதி வேண்டும், 2017ல் பிற சமயங்களை இழிவாகப் பேசிய இரண்டு வெளிநாட்டுக் கிறிஸ்துவப் பிரசங்கிகளுக்கு அதைக் கொடுக்க மறுத்தார்கள். உங்கள் சபை பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், வாலிபர் குழுவுக்கும் தெரியட்டும்.

அம்மா ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒரு கிறிஸ்துவ அக்கா இருந்தார். ரேடியேஷனுக்கு எங்களைக் காரில் கூட்டிப் போவார், காத்திருக்கும் நேரத்தில் பேசாமல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். கடைசியில் அம்மாவே அவரிடம், உன் சாமிகிட்ட எனக்காகக் கொஞ்சம் சொல்லு என்றார். அவர் அழுதுகொண்டே ஜெபித்தார். அம்மா திருநீறோடுதான் போனார். இன்றைக்கும் அந்த அக்காவை எங்கள் வீட்டில் ஒருத்தியாகத்தான் நினைக்கிறோம்.

ஆன்ட்டியின் பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள் தம்பி. அவர்களுக்குத் தெரியாமல் கூட்டிப் போனால் இத்தனை வருஷ உறவு ஒரே நாளில் போய்விடும்.

லூர்து மாதா கோயில்காரர் எழுதியது:

ஓஃபிர் ரோட்டில் 1888ல் தமிழர்களுக்காகக் கட்டிய லூர்து அன்னை தேவாலயத்துக்குப் போகிறவன் நான், எனவே கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் மட்டும்.

பிரான்சில் லூர்து நகரில் 1858ல் மாதா காட்சி கொடுத்ததிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் போயிருக்கிறார்கள். சுகமானோம் என்று பதிவு செய்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். திருச்சபை அற்புதம் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அங்கே டாக்டர்கள் குழுவே இருக்கிறது, விசுவாசி அல்லாத டாக்டரும் வந்து கோப்புகளைப் பார்க்கலாம். நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும், பழைய மருத்துவப் பதிவு வேண்டும், குணம் திடீரென்று முழுமையாக வந்திருக்க வேண்டும், எடுத்த சிகிச்சையால் வந்ததாக இருக்கக்கூடாது, வருஷக்கணக்கில் திரும்பி வராமல் இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகு, அந்த ஆளுடைய மறைமாவட்ட ஆயர்தான் கடைசியில் அறிவிக்கிறார். இதனால் யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை.

இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்றொரு பிரசங்கி கூட்டத்தில் ஆட்களின் பெயர், விலாசம், நோய் எல்லாம் ஆண்டவர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1986ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரர் ஒரு வானொலிக் கருவியை வைத்து, மேடைக்குப் பின்னாலிருந்து பிரசங்கியின் மனைவி அவர் காதுக்குள் சொல்லிக் கொடுப்பதைப் பதிவு செய்து டிவியில் போட்டுக் காட்டினார். ஜெபக் குறிப்புச் சீட்டில் ஜனங்கள் எழுதிக் கொடுத்த விவரம்தான் அவ்வளவும். உங்களுக்கு வரும் ஊழியக்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் சீட்டில் நோய் விவரம் வாங்கினால் அது யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். சாட்சி சொல்ல வருகிறவரை அன்றைக்கே மேடையில் ஏற்றாமல், டாக்டரைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லலாம் என்று சபையில் எடுத்துச் சொல்லுங்கள். உண்மையான அற்புதம் ஆறு மாதத்தில் கெட்டுப்போகாது.

ஊழியம் செய்பவன் எழுதியது:

எல்லாரும் தம்பியைப் பின்னால் இழுக்கிறீர்கள். எத்தனையோ பேர் டாக்டர் கைவிட்ட பிறகு ஜெபத்தில் பிழைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கே அழைக்காவிட்டால் அந்த ஆன்ட்டி நற்செய்தியை எப்போது கேட்பார்? நாளைக்கு அவர் நித்தியத்துக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? சுகமாகாவிட்டாலும் வசனமாவது காதில் விழும் அல்லவா?

பழைய சபையார் எழுதியது:

சகோதரரே, உங்கள் பாரம் எனக்குப் புரிகிறது, அதை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் சுகம் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்து, கிடைக்காவிட்டாலும் வசனமாவது விழும் என்று நாம் உள்ளுக்குள் கணக்குப் போட்டால், அவரிடம் ஒன்றைச் சொல்லி மனதில் வேறொன்றை வைத்திருக்கிறோம். சத்தியத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. நம் முன்னோர்கள் ஆத்தும ஆதாயத்தில் நம்மைவிடக் குறைந்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் நற்செய்திக்காகத்தான் வந்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே டாக்டர்களைப் பயிற்றுவித்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். இங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் ஆஸ்பத்திரியை 1913ல் தொடங்கிய சார்லட் ஃபெர்குசன் டேவி ஒரு டாக்டர், ஒரு பிஷப்பின் மனைவி, பெண்களும் குழந்தைகளும் வைத்தியமில்லாமல் சாவதைப் பார்த்துத்தான் தொடங்கினார். இவர்களும் ஜெபித்தார்கள். காயத்தைக் கட்டிவிட்டு ஜெபித்தார்கள்.

உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செராங்கூன் மகள் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஆன்ட்டியின் மகளிடம் பேசினேன். கூட்டத்துக்கெல்லாம் அம்மா வரமாட்டார், ஆனால் நீ வீட்டுக்கு வந்து ஜெபித்தால் சந்தோஷப்படுவார், சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை ஆயிற்றே என்றார். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்குத் தலைசுற்றல் இருக்கிறது, மகளுக்கு அன்று வேலை, துணைக்கு ஆள் இல்லை என்பதும் பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. இனி சனிக்கிழமைகளில் நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கைப்பிரதியில் அந்த வரியை மாற்ற முடியுமா என்று பாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். குழுத் தலைவருக்கு என் மேல் வருத்தம்தான், அவரோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். இந்தச் சனிக்கிழமை போகும்போது ஆன்ட்டிக்கு வாழைப்பழமும் இளநீரும் வாங்கிப் போகலாம் என்று இருக்கிறேன், சரிதானே?

டயாலிசிஸ் நர்ஸ் எழுதியது:

ஐயோ வேண்டாம் தம்பி, இரண்டிலுமே பொட்டாசியம் அதிகம். ஆரஞ்சும் வேண்டாம். ஆப்பிள் ஒன்று போதும், அதையும் அவர் மகளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், உணவு நிபுணர் கொடுத்த பட்டியல் அவர்கள் வீட்டில் இருக்கும். வரும் வழியில் ஊசி போட்ட கையில் பையைத் தூக்க விடாதீர்கள், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தலைசுற்றினால் உடனே உட்கார வையுங்கள், அவசரப்பட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓட வேண்டாம், டாக்ஸி பிடித்துவிடுங்கள்.